வேலூர் லாங் பஜார் அருகே ஒரு பழைய கைக்கருவிக் கடை

வேலூர் லாங் பஜாரின் நெரிசலைக் கடந்து, குறுக்குச் சந்து ஒன்றில் பெயர்ப்பலகை இல்லாமல் நடந்துவரும் பழைய கைக்கருவிக் கடைக்கு இந்த ஆண்டில் மட்டும் ஐந்து முறை சென்றிருக்கிறேன். கையால் மரவேலை செய்பவன் என்பதால் கருவி வாங்குவதற்காகச் சென்றது பாதி. கைக்குக் கிடைத்த கருவி எந்தத் தொழிலுக்கு உரியது என்று கேட்டறியச் சென்றது மீதி. இந்த இரண்டாவது உதவிக்காகவே இக்கடையைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் முறை சென்றபோது என் பையில் ஓர் இருகைப்பிடிக் கத்தி இருந்தது. மரம் சீவும் கத்தி என்று சொல்லி ஒருவர் இணையம் வழியாக 1,400 ரூபாய்க்கு விற்றது அது. எத்தனை முறை சாணை பிடித்தாலும் வேப்பங்கட்டையின் மேல் வழுக்கிக்கொண்டே போனது. இழுக்க இழுக்க மணிக்கட்டு வலித்தது. கடைக்கார பாய் அதை வாங்கி, முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மரத்துக்கு இல்ல சார், தோலுக்கு" என்றார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குடத்தின் வயிற்றில் கத்தியை வைத்துக் காட்டினார். அலகின் உள்வளைவு குடத்தின் வளைவோடு ஏறக்குறையப் பொருந்தி நின்றது.

தோல் பதனிடும் இடங்களில், சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலை, சரிவாக நிறுத்திய முதுகு வளைந்த மரக்கட்டையின் மேல் போர்த்தி, வயிற்றால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒட்டியிருக்கும் சதையையும் சவ்வையும் இந்தக் கத்தியால் மேலிருந்து கீழாகத் தள்ளிச் சீவுவார்கள். தள்ளுவதற்கான கத்தி என்பதால் கைப்பிடிகள் அலகின் இரு முனைகளிலும் அதே நேர்கோட்டில் நீண்டிருக்கும். தச்சருடைய கத்தியோ தன்னை நோக்கி இழுப்பதற்கானது. ஆகவே அதன் கைப்பிடிகள் அலகுக்குக் குறுக்காக மடங்கி, வேலை செய்பவரின் பக்கம் திரும்பியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் என் 1,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். இன்று தோல் சீவும் வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்களே செய்கின்றன. அதனால்தான் கத்திகள் பழைய இரும்பாக வெளியே வருகின்றன. சரியான தச்சர் கத்தி ஒன்றை அங்கேயே 350 ரூபாய்க்கு வாங்கினேன். கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் எஃகு நல்ல எஃகு, கூர்மை நெடுநேரம் நிற்கிறது.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. இக்கடையின் அலமாரியிலோ பழைய வட ஆற்காட்டின் தொழில்கள் அனைத்தும் ஒரே குவியலாகக் கிடக்கின்றன. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குறடு, பல் வைத்த அகன்ற அலகும் அதற்குக் கீழே துருத்திய சுத்தியல் போன்ற குமிழும் கொண்டது. குழாய் வேலைக்கானது என்றே நான் எண்ணினேன். ஷூவின் மேல்தோலைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பிடித்து, குமிழை ஊன்றி நெம்பி, அதே குமிழால் ஆணியையும் தட்டிவிடுவதற்கு ஏற்ப அமைந்த கருவி அது. வேறு வேறு அகலத்தில் வெட்டுகள் உள்ள ஒரு தட்டையான இரும்பு, சைக்கிள் ஸ்பேனர் போலத் தெரியும். அது ரம்பத்தின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்க்கப் பயன்படுவது. பற்கள் அவ்வாறு சாய்ந்திருந்தால்தான் வெட்டின் அகலம் ரம்பத் தகட்டைவிடக் கூடி, ரம்பம் மரத்தில் இறுகாமல் ஓடும். வரிசை வரிசையாகத் துளைகள் சிறுத்துக்கொண்டே போகும் எஃகுத் தகடு, கம்பியைத் துளைகளின் வழியே இழுத்து மெலிதாக்கும் பொற்கொல்லரின் கம்பியச்சு. மெலிந்த பாதி வட்டத் தகடுகள் மாட்டு லாடங்கள். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் ஒரு காலுக்கு இரண்டு வீதம் ஒரு மாட்டுக்கு எட்டு வேண்டும். செவ்வாய்தோறும் கூடும் பொய்கை மாட்டுச் சந்தைக்கு வருகிறவர்களில் சிலர் இன்னும் இவற்றைத் தேடி வருகிறார்களாம்.

பாய் சொல்வதெல்லாம் சரியென்று கொள்ள வேண்டியதில்லை. மரப்பிடி போட்ட ஒரு பல்சக்கரத்தைத் தையற்காரர் துணியில் கோடு பதிப்பது என்றார். அதன் பற்கள் தடித்து மழுங்கியிருந்தன. துணிக்கான சக்கரத்தின் பற்கள் மெல்லிய ஊசிமுனைகளாக இருக்கும். தோலில் தையல் விழ வேண்டிய இடங்களைச் சம இடைவெளியில் பதிப்பதற்கானது என்று நான் சொன்னபோது அவர் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. அடுத்த முறை சென்றபோது, செருப்புத் தைக்கும் ஒருவரிடம் காட்டிக் கேட்டதாகவும் நான் சொன்னதே சரியென்றும் அவராகவே சொன்னார். தெரியாததைக் கேட்டறியும் வியாபாரியிடம் வாங்குவதற்கு எனக்குத் தயக்கமில்லை.

குறைகளும் உண்டு. எதற்கும் விலைச்சீட்டு இல்லை, ரசீதும் இல்லை. துருவைத் துடைக்காமலே விற்கிறார். உளிகளில் சில நெருப்பில் காய்ந்து பதம் போனவை. ஆகவே அரத்தை முனையில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: பிடிக்காமல் வழுக்கினால் பதம் இருக்கிறது, எளிதில் கடித்தால் வாங்க வேண்டாம். சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை. மாலையில் கூட்டம் அதிகம். காலையில் சென்றால் பாய் ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து நிதானமாகச் சொல்லித் தருவார்.