அடுக்கு சங்குப்பூ: விதை வாங்குவதா, காய்ந்த பூ வாங்குவதா?

டீக்கும் சமையலுக்கும் நீல நிறம் தரும் அடுக்கு சங்குப்பூ (இதழ் அடுக்கடுக்காக உள்ள வகை) வேண்டுமென்றால், விதையே வாங்குங்கள். பத்துக்குப் பத்து மொட்டை மாடி இருந்தாலும் போதும். ஆனால் ருசியை எதிர்பார்த்து வாங்காதீர்கள். பச்சைப் பட்டாணித் தோல்போல் லேசான வாசம், அவ்வளவுதான். நிறம்தான் இதன் சரக்கு. மலேசியாவின் கிளந்தானில் நாசி கெராபு சோறு நீலமாவது இந்தப் பூவால்தான்.

பாக்கெட்டைப் பிரித்து அப்படியே ஊன்றினால் பாதி விதை முளைக்காது. விதை பழசு என்று முடிவுகட்ட வேண்டாம், தோல் கெட்டி. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். காலையில் உப்பியதை மட்டும் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததை மறுபடி தேய்த்து ஊறப்போட்டால் வழிக்கு வரும். 12 அங்குலத் தொட்டி, ஏற ஒரு கயிறு, ஆறு மணி நேர வெயில். இரண்டு மாத வாக்கில் பூக்கும். யூரியா வேண்டவே வேண்டாம். பயறு இனம் என்பதால் தழைச்சத்தை வேரே பிடித்துக்கொள்ளும், மேலும் போட்டால் இலைதான் மண்டும். காயைப் பிஞ்சிலேயே கிள்ளினால் பூப்பது நிற்காமல் தொடரும். மாவுப்பூச்சிக்கு, லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கி, பூப்பறித்த அன்று மாலையில் தெளிக்கலாம்.

அடுக்கு என்று எழுதிய பாக்கெட்டிலும் ஒற்றை இதழ்ச் செடி கலந்து வருவதுண்டு. பூக்கும்வரை தெரியாது. நிறத்துக்கு அதுவும் குறையில்லை, பூ மட்டும் கூடுதலாக வேண்டும்.

பூவுக்கு ஆயுள் ஒரு நாள். காலையில் விரிந்ததும் பறித்து, அடியிலுள்ள பச்சைப் புல்லியைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் டீயில் புல் வாடை அடிக்கும். வெயிலில் காயவைத்தால் வெளுத்துவிடும். நிழலில், நொறுங்கும் பதம் வரை.

ஒரு கோப்பைக்கு 5, 6 பூ. அடுப்பை அணைத்தபின் போட்டு ஐந்து நிமிடம் மூடுங்கள். கொதிக்கக் கொதிக்க நீலம் மங்கும்.

கடையில் காய்ந்த பூ வாங்கினால் முழுப் பூவாக, கருநீலமாக இருக்க வேண்டும். பழுப்பேறியதும், அடியில் தூள் தங்கியதும் பழைய சரக்கு. நீலச் சாற்றில் நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். ஊதாவாக வேண்டும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பை எட்டும். மாறாமல் நீலமாகவே நின்றால் சாயம் கலந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

விதையையும் வேரையும் தின்னக் கூடாது, பேதியாகும். கர்ப்பிணிகள் பூவையும் தவிர்ப்பது நல்லது. நர்சரியில் பூவோடு வாங்கிய செடியில் மருந்து அடித்திருப்பார்கள். முதல் இரண்டு மாதப் பூ சாமிக்கு, சமையலுக்கு அல்ல.