ஸ்கேலா, சரளி வரிசையா? ஆல்டோ சாக்ஸபோன் விரலுக்கு எது சரி

கடலூர், புதுச்சேரிப் பக்கம் சாக்ஸபோன் பழக வருகிறவருக்கு முதல் பாடம் யாரிடம் போகிறார் என்பதைப் பொறுத்தது. பேண்டு வாத்தியக்காரர் மேற்கத்திய ஸ்வர வரிசையான சி மேஜர் ஸ்கேலில் தொடங்குவார். நாதஸ்வரப் பழக்கம் உள்ளவர் மாயாமாளவகௌளை ராகத்தில், கர்நாடக இசையின் ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையைப் பிடித்துக்கொள்வார். இரண்டையும் கட்சி கட்டாமல், வாத்தியத்தின் சாவிகளை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கணக்கு. ஆல்டோவில் சி பிடித்தால் ஒலிப்பது இ ஃப்ளாட், அதாவது இரண்டரைக் கட்டை. ஜி பிடித்தால் பி ஃப்ளாட், ஆறரைக் கட்டை. கீழே வரும் பெயர்களெல்லாம் பிடிக்கிற விரலுக்கானவை.

புதியவருக்கு சட்ஜத்தை நடு ஜி-யில் வைப்பதே மேல். கீழ் சி-யில் வைத்தால் கிட்டத்தட்ட எல்லாச் சாவியும் மூடவேண்டும்; துளையை அடைக்கும் மெத்தையான பேட் ஒன்று லேசாகக் கசிந்தாலும் சட்ஜமே குளறும். பிழை உதட்டிலா வாத்தியத்திலா என்று ஆரம்பத்தில் கண்டுபிடிக்க முடியாது.

ஜி-யில் வைத்தால் வரிசை இப்படி வரும்: ஜி, ஏ ஃப்ளாட், பி, சி, டி, இ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி. இதில் ஆபத்தான இடங்கள் இரண்டு. காந்தாரத்திலிருந்து (பி) மத்திமம் (சி) போக ஆள்காட்டி விரலை எடுத்து நடுவிரலை வைக்கவேண்டும். ஒரு கணம் இரண்டுமே மேலே இருந்துவிட்டால் சி ஷார்ப் எட்டிப்பார்க்கும். அதைவிடப் பெரியது மத்திமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே. சி-க்கு ஒரே விரல். டி-க்கு ஆறு விரலும் கட்டைவிரலின் ஆக்டேவ் சாவியும். நடுவிரல் ஏற்கெனவே கீழேதான்; மற்ற ஆறும் ஒன்றாக இறங்காவிட்டால் நடுவே அபஸ்வரம் ஒன்று தெறிக்கும்.

ஜி மேஜர் ஸ்கேலிலும் இதே சி–டி உண்டு. ஆனால் ஏறி இறங்கும் ஓட்டத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம், காது பிடிக்காது. சரளியின் ஐந்தாம் வரிசை விடாது: ச ரி க ம ப , ச ரி. பஞ்சமத்தில் இரண்டு அட்சரம் நிற்கவேண்டும், உடனே வலது கையின் மூன்று விரலையும் ஆக்டேவ் சாவியையும் விட்டு சட்ஜத்துக்கு இறங்கவேண்டும். அவரோகணத்தில் ச நி த ப ம , ச நி என்று மத்திமத்தில் நிறுத்துகிறது. தெறிப்பு இருந்தால் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

அதற்கு மருந்து: மெட்ரோனோம் 60. முதலில் டி-யை நான்கு அடி ஊதி, சி-க்கு விரலைத் தூக்குங்கள். மூடுவதைவிடத் திறப்பது எளிது. அதனால் அந்தத் திசை முதலில். சுத்தமானபின் சி-யிலிருந்து டி. விரல் நுனி முத்துப் பொத்தானை விட்டு அரை சென்டிமீட்டருக்கு மேல் எழக்கூடாது. வலது கை விரல்கள் சி ஊதும்போது ஆகாயத்தில் நிற்பதுதான் பெரும்பாலும் குற்றவாளி.

ஜண்டை வரிசை நாக்குக்கான பாடம். ச ச ரி ரி என்று வரும்போது இரண்டாம் ஸ்வரத்தைத் துத்துகாரமாக அடிக்க வேண்டும். நாக்கு நுனி ரீடின் முனையைத் தொட்டு விலகினால் போதும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். மூச்சையும் சேர்த்து நிறுத்துகிறவர்களுக்குத்தான் "தட் தட்" என்று மரம் கொத்துகிற ஒலி வரும். ஸ்கேலை ஒரே மூச்சில் இழைத்து வாசிப்பவர் மாதக்கணக்கில் நாக்கைத் தொடாமலே ஓட்டிவிடலாம்.

வேகத்தில் மட்டும் ஸ்கேல்காரர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மெட்ரோனோமை நாளுக்கு நாலு நாலாக ஏற்றுகிறார்கள், விரல் பதறாது. வரிசையின் மூன்று காலம் என்பது அடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு ஸ்வரம். மெட்ரோனோம் 50-இல் மூன்றாம் காலம் நிமிடத்துக்கு 200 ஸ்வரம். இரண்டிலிருந்து நான்குக்குத் தாவும்போது பலர் சுருதியையும் தாளத்தையும் சேர்த்தே தொலைக்கிறார்கள். நடுவில் திஸ்ரம், அடிக்கு மூன்று, வைத்துப் பழகினால் தாவல் குறையும்.

ஸ்கேல் ஜெயிக்கிற இன்னொரு இடம் மேடை. கல்யாண மெல்லிசைக் குழுவில் பாடகர் திடீரென்று அரைக் கட்டை ஏற்றச் சொல்வார். ஜி-யில் மட்டுமே சட்ஜம் வைத்துப் பழகியவருக்கு ஏ ஃப்ளாட்டில் விரல் முழுக்க வேறு. பன்னிரண்டு இடத்திலும் ஸ்கேல் போட்டவர் தப்பிப்பார். ஒரே சுருதியில் கச்சேரி வாசிப்பவருக்கு அந்தச் செலவு வீண். அந்த நேரத்தை, ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தில் போடலாம். ஆல்டோவில் கமகம் முடியுமா என்ற கேள்வியைக் கர்நாடக இசை சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத் (1949–2019) எப்போதோ தீர்த்துவிட்டார்.

நாதம் ஸ்கேலாலும் வராது, வரிசையாலும் தானாக வராது. தம்புரா ஒலிக்க ஒவ்வொரு ஸ்வரமும் 12 விநாடி, தினம் பத்து நிமிடம். கூடவே மவுத்பீஸை மட்டும் கழற்றி ஊதிப்பாருங்கள்: ஆல்டோவுக்கு ஏ, 880 ஹெர்ட்ஸ் அருகே நிற்கவேண்டும். அதற்கு மேலே ஏறினால் தாடை கடிக்கிறது என்று பொருள்.

கடலோரத்தில் பழகுகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. ஜி-யில் சட்ஜம் வைத்தால் ரிஷபம் ஏ ஃப்ளாட். அது ஜி ஷார்ப் சாவி. கடலூர் தேவனாம்பட்டினக் கடற்காற்றில் ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பேட் ஒட்டிக்கொள்ளும், திறக்கும் ஸ்பிரிங் மெலிதானது. சாவியை அழுத்தியும் ரிஷபத்துக்குப் பதில் சட்ஜமே கேட்கும். சிஷ்யன் தன் சுண்டுவிரலைத் திட்டிக்கொண்டிருப்பான். மெல்லிய சிகரெட் தாளைப் பேடுக்கு அடியில் வைத்து, லேசாக மூடி, திறந்து எடுங்கள். ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும்.

தினம் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, கச்சேரியா மெல்லிசையா என்றும் முடிவாகவில்லை என்றால்: பத்து நிமிடம் நீள ஊதல், முப்பது நிமிடம் ஜி-யில் வரிசை, மீதி இருபதில் அன்றைக்கு ஒரு புது ஸ்கேல். அதையும் சரளி ஐந்தாம் வரிசையின் அச்சில் வாசியுங்கள்.