மைனா படத்துக்கு எந்தப் பக்கம்: பிரிக்பீல்ட்ஸா, தித்திவங்சாவா?

கோலாலம்பூர் மோனோரயிலில் ஒரு முனை பிரிக்பீல்ட்ஸ், மறுமுனை தித்திவங்சா. நடுவில் 8.6 கிலோமீட்டர், இரு முனையும் சேர்த்து 11 நிலையங்கள். மைனாவைப் படம் எடுக்க இரண்டு முனைக்கும் பல காலைகள் போயிருக்கிறேன்.

நம் நகரில் இப்போது அதிகம் திரிவது ஜாவா மைனா. கருஞ்சாம்பல் உடம்பு, மூக்குக்கு மேலே சிலிர்த்து நிற்கும் குட்டிக் கொண்டை, வாலடியில் வெள்ளை. பழைய நாகணவாய், அதாவது சாதாரண மைனா, பழுப்பு நிறம், கண்ணோரம் மஞ்சள் தோல். அது கண்ணில் பட்டால் முதலில் அதை எடுங்கள், ஜாவாக்காரன் எங்கும் போய்விட மாட்டான்.

பிரிக்பீல்ட்ஸில் லென்ஸே தேவையில்லை. காலை எட்டு மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் வெளி மேசையில் தே தாரிக்கோடு உட்கார்ந்தால் போதும், மைனா தானாக வரும். போன வாரம் ஒன்று பக்கத்து மேசையில் இறங்கியது. கருவேப்பிலையைக் கொத்தி, பிடிக்காமல் உதறிவிட்டு, வடைத் துண்டைக் கவ்வியது. இரண்டு முழம்கூட இருக்காது, கைப்பேசியிலேயே கண் தெளிவாக விழுந்தது. கடைக்கார அண்ணன்தான் முறைத்தார்: "தம்பி, பறவையை எடு, மேசையை எடுக்காதே. கழுவலைன்னு சொல்லிடப் போறாங்க!"

சிக்கல் பின்னணிதான். பிளாஸ்டிக் நாற்காலி, மோட்டார் சைக்கிள், யாரோ ஒருவரின் முழங்கால். வெளிச்சமும் கூரையடி வெளிச்சம். இன்னொன்று, கரும்பறவை சட்டத்தை நிறைத்தால் கேமரா ஏமாந்து படத்தை வெளுத்துவிடும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் இறகுகள் தனித்தனியாகத் தெரியும்.

தித்திவங்சா ஏரிப் பூங்காவில் இந்தக் குறை எதுவும் இல்லை. பசும்புல், ஏரி, தூரத்தில் இரட்டைக் கோபுரம். புல் வெட்டும் நாளில் போனால் யோகம்: இயந்திரத்துக்குப் பின்னாலேயே மைனாக் கூட்டம் நடந்து, கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கும். பறக்கும்போது சிறகின் வெள்ளைத் திட்டு பளிச்சென்று விரியும். அதை உறைய வைக்க 1/1600 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். ஆனால் 300 மில்லிமீட்டர் லென்ஸ் இல்லாமல் போகாதீர்கள், பறவை கடுகளவுதான் விழும். நிலையத்திலிருந்து நடையும் உண்டு. ஒன்பதரைக்கு மேல் வெயில் தலைக்கு ஏறிவிடும், அப்புறம் படத்தில் நிழல் மட்டும்தான்.

கைப்பேசிதான் கையில் என்றால் பிரிக்பீல்ட்ஸ். பெரிய லென்ஸும் விடியலில் எழும் பழக்கமும் இருந்தால் தித்திவங்சா. என்னிடம் லென்ஸ் இருக்கிறது. இருந்தும் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது வடையோடு நிற்கும் அந்த மைனாவைத்தான், ஓரத்தில் முழங்காலோடு.