விட்னியின் பருத்தி ஜின், 1794: வேகம் சரி, பஞ்சு?

குட்டை இழைப் பருத்தியில் கையால் கொட்டை எடுத்தால் ஓர் ஆளுக்கு நாளெல்லாம் ஒரு பவுண்டு பஞ்சு தேறும். அமெரிக்கர் ஈலை விட்னி செய்த, கொட்டையைப் பிரிக்கும் இந்த ‘ஜின்’ இயந்திரம், கைப்பிடியைச் சுற்றினால் நாளுக்குச் சுமார் 50 பவுண்டு தந்தது. மர உருளையில் அடித்த கம்பிப் பற்கள் பஞ்சைக் கவ்வி ஒடுக்கமான துளை வழியே இழுக்கும். நுழைய முடியாத கொட்டை இந்தப் பக்கமே உதிரும். பின்னால் சுழலும் பிரஷ்தான் உயிர்நாடி. அது தட்டிவிடாவிட்டால் பல்லில் பஞ்சு சுற்றிக்கொள்ளும்.

குறை, இழை அறுபடுவது. 1796இல் ஹாட்ஜன் ஹோம்ஸ் என்பவர் கம்பிக்குப் பதில் ரம்பத் தட்டு போட்டது நல்ல திருத்தம்.

ஜின்னில் கொட்டை எடுக்க விட்னி தரப்பு கேட்ட கட்டணம் பகல்கொள்ளை: பருத்தியில் ஐந்தில் இரண்டு பங்கு! தோட்டக்காரர்கள் திருட்டு நகல் செய்ததில் வியப்பில்லை.

பருத்தி பறிப்பது மட்டும் அன்று கையால்தான் நடந்தது, அதுவும் பெரும்பாலும் அடிமைகளின் கையால். ஜின்னின் வேகத்தால் பறிக்கும் கைகளின் தேவையும் கூடியது. அமெரிக்காவில் 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1830இல் 20 லட்சம்.