கார் பேட்டரி இறங்குகிறதா? இந்த மஞ்சள் மீட்டர் போதும்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும், வோல்ட்டேஜ், கரன்ட் எல்லாம் அளக்கும் டிடி-830டி மல்டிமீட்டர். பேரம் பேசினால் இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

என் பழைய வேகன்ஆரை வெள்ளி மாலை நிறுத்தினால் திங்கள் காலை செல்ஃப் எடுக்காது. காட்டிய கடையில் பானட்டைத் திறக்காமலேயே "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்றார்கள். நாலாயிரம் சொச்சம் அழுவதற்கு முன் இதை வாங்கிப் பார்த்தேன்.

டயலை டிசி 20 வோல்ட்டில் வைக்க வேண்டும். முழு சார்ஜில் ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் வராமல் 12.5லேயே நின்றால் டைனமோ, பெல்ட், வயர் என்று தேட வேண்டியதுதான். (புது வண்டிகளில் கம்ப்யூட்டரே வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும், ஒரே ரீடிங்கை நம்ப வேண்டாம்.) எனக்கு 14.2 வந்தது. டைனமோ மேல் குற்றமில்லை. செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் இதில் சரியாகப் பிடிக்க முடியாது. எண் அவ்வளவு மெதுவாக மாறுகிறது.

அப்புறம்தான் சுவாரசியம். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, பேட்டரியின் மைனஸைக் கழற்றி, அந்த வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரைக் கொடுத்தேன். கதவெல்லாம் பூட்டி அரை மணி விட்டும் 0.38 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நிற்கிற வண்டிக்கு 0.05 தாண்டக் கூடாது. இந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு 9 ஆம்பியர்-ஹவர். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி திங்கள் வரை எப்படித் தாங்கும்? ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தேன். ஆடியோ ஃப்யூஸில் 0.02க்கு விழுந்தது. ஸ்டீரியோவை இழுத்துப் பார்த்தால், ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யச் சொல்லும் நீல ரிமோட் வயரை, எப்போதும் கரன்ட் இருக்கும் மஞ்சள் வயரோடு முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறார்கள், மாட்டிய புண்ணியவான்கள். ஆம்ப் தூங்கவே இல்லை. ஸ்டீரியோவின் நீல வயரில் சேர்த்ததும் சரியாகிவிட்டது. அதே பேட்டரிதான் இன்னும் ஓடுகிறது.

குறை? கூட வரும் வயர்கள் படுமோசம், மெல்லிசு. கிளிப் வைத்த வயர் தனியாக வாங்குங்கள். 10 ஆம்பியர் ஓட்டைக்கு ஃப்யூஸ் கிடையாது: மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், வேலை முடிந்ததும் வயரைப் பழைய இடத்துக்கு மாற்றுங்கள். மறந்து அப்படியே பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட்.

மைனஸைக் கழற்ற யோசிப்பவர்கள், வயரைச் சுற்றிக் கவ்வியே கரன்ட்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் பார்க்கலாம், விலை அதிகம். மலிவாகக் கிடைக்கும் கிளாம்ப்கள் பெரும்பாலும் ஏசி கரன்ட் மட்டும்தான் அளக்கும். காரில் இந்த வேலைக்கு உதவாது.