ராத்திரி ஒன்றரையா, விடிகாலை மூன்றரையா: சாம்பியன்ஸ் லீகும் லிபர்ட்டடோரஸும்

நல்லம்பள்ளி பக்கம் சாமந்தி போட்டிருக்கிறோம். விடியுமுன் தோட்டத்தில் இறங்கினால்தான் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பூ மார்க்கெட்டுக்கு நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். இந்த வேலையை வைத்துக்கொண்டு வெளிநாட்டு கிளப் கால்பந்தும் பார்ப்பதென்றால், ஏதாவது ஒரு போட்டியைத்தான் முழுசாகத் தொடர முடிகிறது. நான் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகை ஓரம் வைத்துவிட்டு, தென் அமெரிக்காவின் கோப்பா லிபர்ட்டடோரஸ் பக்கம் வந்துவிட்டேன். "ரியல் மாட்ரிட்டை விட்டுட்டு இது என்னடா பேர் தெரியாத கோப்பை" என்று கேட்கிற மாப்பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

தரத்தில் சாம்பியன்ஸ் லீக்தான் மேல், அதில் பேச ஒன்றுமில்லை. பணம் அங்கே, ஆட்டக்காரர்களும் அங்கே. 2025 இறுதி ஆட்டத்தில் பாரிஸ் கிளப்பான பிஎஸ்ஜி, இத்தாலியின் இன்டர் மிலானை 5-0 என்று துவைத்ததே, அந்த மாதிரி ஆட்டம் லிபர்ட்டடோரஸில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனால் இடைவெளி நாம் நினைக்கிற அளவு இல்லை. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கோப்பையில் அந்த பிஎஸ்ஜியை பிரேசிலின் பொட்டாஃபோகோ 1-0 என்று வென்றது. கடைசியில் கோப்பையைத் தூக்கிய இங்கிலாந்தின் செல்சியே குரூப் ஆட்டத்தில் இன்னொரு பிரேசில் கிளப்பான ஃப்ளமெங்கோவிடம் 3-1 என்று உதை வாங்கியது.

முதல் தரப் பூ பெங்களூரு லாரியில் ஏறிவிடுகிற மாதிரி, அங்கேயும் நல்ல பையன்கள் ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள். போவதற்கு முன்னால் பார்க்க வேண்டுமென்றால் லிபர்ட்டடோரஸ்தான். பிரேசில் பையன் எஸ்தெவாவ் அந்த நாட்டு பால்மெய்ராஸ் கிளப் சட்டையில்தான் வளர்ந்தான். அந்தக் கிளப் உலகக் கோப்பைக் காலிறுதியில், தான் அடுத்து சேரப்போகிற செல்சிக்கு எதிராகவே கோல் போட்டுவிட்டுப் போனான்.

சரி, என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை, கடிகாரம். சாம்பியன்ஸ் லீகின் முக்கிய ஆட்டங்கள் அங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கும். அவர்களுடைய குளிர்காலத்தில் அது நமக்கு நள்ளிரவு 1.30. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய பிறகு 12.30. லீக் கட்டத்தில் 11.15-க்கும் ஆட்டம் உண்டு, அது பரவாயில்லை. தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் கட்டம் சூடு பிடிக்கிற பிப்ரவரி, மார்ச்சில்தான் பெரும்பாலும் அந்த ஒன்றரை மணி வந்து உட்கார்ந்துகொள்ளும். முடிய 3.20 ஆகும். ஒரே எதிரணியோடு ஆடுகிற இரண்டு ஆட்டத்தின் கோலும் சேர்ந்து சமனில் நின்றால் கூடுதலாக 30 நிமிடம், அப்புறம் பெனால்டி. 4 மணி தாண்டிவிடும். அதற்கு மேல் படுத்தால் எழுந்திருக்க முடியாது, படுக்காமல் இறங்கினால் பத்து மணி வெயிலில் கண் செருகும். ஐடி வேலைக்காரர் மதியம் வரை தூங்கிச் சமாளிப்பார். பூ யாருக்காகவும் காத்திருக்காது.

லிபர்ட்டடோரஸ் பிரேசில், அர்ஜென்டினா கணக்கில் சாயங்காலம் 7 மணிக்கு என்றால் நமக்கு விடிகாலை 3.30. இரவு 9.30 ஆட்டம் நமக்குக் காலை 6 மணி. ஒன்பதுக்குப் படுத்தவனுக்கு மூன்றரைக்கு எழுவது கஷ்டமே இல்லை, எப்படியும் எழ வேண்டியவன்தானே. முதல் பாதியைத் திண்ணையில் டீயோடு பார்த்துவிடலாம். இரண்டாவது பாதிக்கு போன் சட்டைப் பைக்குள் போய்விடும், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். பனிக்காலத்தில் கை ஈரத்துக்கு போன் திரை சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் காதால் கேட்பதோடு சரி. வர்ணனை ஸ்பானிஷிலோ போர்ச்சுகீசிலோ இருக்கும், ஒரு வார்த்தை புரியாது. கோல் விழுந்தால் மட்டும் எந்த மொழியிலும் புரிந்துவிடும், கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால் போதும்.

இன்னொரு சௌகரியம். லிபர்ட்டடோரஸ் நாக் அவுட்டில் இறுதி ஆட்டத்தைத் தவிர வேறு எதிலும் கூடுதல் நேரம் கிடையாது. சமன் என்றால் நேரே பெனால்டி. எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம்.

இரண்டு ஆட்டம் வைத்து முடிவு செய்யும் முறை இரண்டிலும் உண்டு. ஆனால் அங்கே ஊருக்கு ஊர் உயரமே மாறும். ஈக்வடாரின் கீட்டோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,850 மீட்டர், ஏற்காட்டைப் போல இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 2025 அரையிறுதியில் அந்த ஊர் எல்டியு அணி அங்கே பால்மெய்ராஸை 3-0 என்று அடித்தது. அடுத்த வாரம் சாவ் பாவ்லோவில் பால்மெய்ராஸ் 4-0 என்று திருப்பிக் கொடுத்து இறுதிக்குப் போனது. மூச்சு வாங்க வைக்கிற மைதானம் என்று ஒன்று ஐரோப்பாவில் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். 2019 முதல் 2025 வரை ஏழு கோப்பையும் பிரேசில் கிளப்புகளுக்கே போயிருக்கிறது, அதில் ஃப்ளமெங்கோவுக்கு மட்டும் மூன்று. இதே காலத்தில் சாம்பியன்ஸ் லீக் இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ் என்று நாலு நாட்டுக்குச் சுற்றியது. காலிறுதி செப்டம்பரில் வருவதால் ஆயுத பூஜைப் பூ சீசனோடு முட்டிக்கொள்ளும் என்பது என் சொந்தக் குறை. பிறகு, பேசிக்கொள்ள ஆள் கிடையாது. டீக்கடையில் சாம்பியன்ஸ் லீகுக்கு நாலு பேர் வாய் திறப்பார்கள், லிபர்ட்டடோரஸ் என்றால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஆசியப் போட்டிகள் நேரத்துக்கு இதைவிடத் தோது, பல ஆட்டம் சாயங்காலமே வந்துவிடும். 2025 அக்டோபரில் எஃப்சி கோவா தன் ஊரிலேயே சவூதியின் அல் நாசரோடு மோதி 2-1 என்று தோற்றது. அல் நாசரின் ரொனால்டோ வரவில்லை என்பதுதான் பெரிய பேச்சாகிவிட்டது. நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்தவன், அதனால் அதைத் தராசில் வைக்கவில்லை.

இறுதி ஆட்டத்தில் மட்டும் கணக்கு தலைகீழ். 2024 லிபர்ட்டடோரஸ் இறுதி புவெனோஸ் ஐரெஸில் மாலை 5 மணிக்கு, நமக்கு ஞாயிறு அதிகாலை 1.30. முதல் நிமிடத்திலேயே ஒரு ஆள் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியும் பொட்டாஃபோகோ 3-1 என்று ஜெயித்த ஆட்டம் அது. ஆனால் ஐரோப்பாக்காரர்கள் 2026 புடாபெஸ்ட் இறுதி ஆட்டத்தை அங்கே மாலை 6 மணிக்கு என்று முன்னால் இழுத்துவிட்டார்கள், நமக்கு ராத்திரி 9.30. அந்த ஒரு நாளுக்கு என் ஓட்டு சாம்பியன்ஸ் லீகுக்கே.