லெப்ரானுக்கு ஒரு நியாயம், ப்ரீஸுக்கு ஒரு நியாயம்

2018 பிப்ரவரியில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் அதிபர் டிரம்ப்பை விமர்சித்தார். வாயை மூடிக்கொண்டு பந்தைத் தட்டட்டும் என்றார் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியின் டிரம்ப் ஆதரவுத் தொகுப்பாளர் லாரா இங்க்ராம்.

2020 ஜூனில், போலீஸ் பிடியில் கறுப்பரான ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்ததை எதிர்த்த போராட்டங்களுக்கு நடுவே, அமெரிக்கக் கால்பந்து வீரர் ட்ரூ ப்ரீஸ் கொடியை அவமதிப்பதை ஏற்கவே மாட்டேன் என்றார். நிறவெறியை எதிர்த்து வீரர்கள் தேசிய கீதத்தின்போது மண்டியிடுவதைப் பற்றிய பேச்சு அது. அதே இங்க்ராம், அவர் கருத்தைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று பரிந்து பேசினார்.

முன்னவர் கறுப்பர், பின்னவர் வெள்ளையர். நிறம் மட்டும்தான் காரணமா? அரசியல் பேசும் பிரபலங்களைச் சாடி 2003லேயே புத்தகம் போட்டவர் இங்க்ராம். அதில் வெள்ளையர்களும் அடி வாங்கினார்கள். அதனால் கட்சிப் பாசத்துக்கும் பங்கு உண்டு என்பேன். ஆனாலும் 'பந்தைத் தட்டு' என்ற அந்த ஏளனத்தில் நிறத்தை ஒதுக்கிவிட முடியாது.

சரி, ப்ரீஸ்? சக வீரர்களே கண்டித்தார்கள், லெப்ரானும்தான். மறுநாளே மன்னிப்புக் கேட்டார். பின்வாங்கியிருக்கக் கூடாது என்றார் டிரம்ப்.